அம்மாவின் காணி உறுதி
பல்கலைக்கழகத்தில் பால்நிலைக் கற்கை (சமூகத்தில் ஆண், பெண் நிலை பற்றிய படிப்பு) படிக்கிறேன் என்றால், "அதுக்கு என்ன வேலை கிடைக்கும் பிள்ளை?" என்றுதான் ஊரில் கேட்கிறார்கள்.

இந்த வாரம் தேசவழமை படித்தோம். 1707இல் ஒல்லாந்தர் தொகுத்த, யாழ்ப்பாணத் தமிழரான எங்கள் வழமைச் சட்டம். சீதனக் காணி பெண்ணுக்கே சொந்தம். ஆனால் மணமான பெண் அதை விற்கக் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும் என்கிறது 1911ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம். வாசிக்கும்போது அம்மாதான் கண்ணுக்குள் நின்றார். அப்பா காணாமல் போனபிறகு, தன் பெயரிலேயே இருந்த வளவை விற்க அவர் எத்தனை வருசம் அலைந்தார்! எங்கள் ஒழுங்கையில் மட்டும் அப்படி அலைந்தவர்கள் மூன்று பேர்.

நேற்றிரவு அந்தப் பிரிவை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அலுமாரியிலிருந்து பழைய காணி உறுதிப் பத்திரத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார்.

"திரும்ப ஒருக்கா வாசி" என்றார்.