நிற்கும் காரில் கரண்ட் எங்கே போகிறது?

ஜூன் 14, சனி

வாரம் முழுக்க ஓசூருக்கு பஸ்ஸில்தான் போய் வருகிறேன். கார் கிருஷ்ணகிரி வீட்டு வாசலிலேயே நிற்கும். இன்று அம்மாவை ராயக்கோட்டையில் அத்தை வீட்டுக்குக் கூட்டிப்போகலாம் என்று சாவியைத் திருப்பினால் செல்ஃப் அடிக்கவில்லை, டிக் டிக் சத்தம் மட்டும். மல்டிமீட்டரில் 11.6 வோல்ட். நிறைந்த பேட்டரி என்றால் 12.6 காட்ட வேண்டும்.

போன மாதமும் இப்படித்தான். கடையில் "புதுசு போட்டுடுங்க சார்" என்கிறார்கள். வாங்கி ஒரு வருடம்கூட ஆகாத பேட்டரி இது. நிற்கும் வண்டியில் எதுவோ கரண்ட் இழுக்கிறது என்றால் புதுப் பேட்டரியும் இப்படியே சாகும். சார்ஜ் அடிவரை இறங்கி இறங்கி ஏறினால் தகடுகளில் சல்பேட் படிந்து ஆயுள் குறைந்துவிடும். அளக்காமல் மாற்றுவதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். சார்ஜரில் போட்டிருக்கிறேன்.

ஜூன் 15, ஞாயிறு

காலையில் 12.6. செல்ஃப் ஒரே திருப்பில் அடித்தது. இன்ஜின் ஓடும்போது 14.2, அதனால் ஆல்டர்னேட்டர் ஒழுங்காக சார்ஜ் ஏற்றுகிறது.

அப்புறம்தான் உண்மையான வேலை. வண்டியை அணைத்து, சாவியை வீட்டுக்குள் வைத்தேன். நெகட்டிவ் கேபிளைக் கழற்றி, கேபிளுக்கும் பேட்டரிக்கும் நடுவில் மீட்டரை 10 ஆம்பியர் துளையில் இணைத்தேன். இந்த நிலையில் யாரும் செல்ஃப் அடித்துவிடக் கூடாது, மீட்டரின் பியூஸ் போய்விடும். கதவும் பானட்டும் திறந்திருந்தால் வண்டி தூங்காது. அதனால் இரண்டின் பூட்டையும் ஸ்க்ரூடிரைவரால் தள்ளி, மூடியது போல் ஆக்கினேன்.

முதலில் 3 ஆம்பியருக்கு மேல் காட்டியது. இதைப் பார்த்துப் பதறக் கூடாது. உள்ளே இருக்கும் கம்ப்யூட்டர்கள் ஒவ்வொன்றாக அடங்க அரை மணி நேரம்கூட ஆகும். காத்திருந்தேன். கடைசியில் 0.26-இல் நின்றது, அதற்குக் கீழே இறங்கவே இல்லை. பொதுவாக 0.05-க்குள் இருந்தால் கவலை இல்லை. என் பேட்டரி 35 ஆம்பியர் மணி. 0.26 வீதம் இழுத்தால் ஐந்தரை நாளில் காலி. ஞாயிறு இரவு நிறுத்தினால் சனிக்கிழமை காலை செத்துக் கிடப்பதற்குக் கணக்கு அப்படியே பொருந்துகிறது.

எந்த லைன் இழுக்கிறது என்று பியூஸ் பியூஸாகத் தேட வேண்டும். ஆனால் பியூஸைப் பிடுங்கினால் தூங்கிய கம்ப்யூட்டர் மறுபடி விழித்துக்கொள்ளும். அதனால் பிடுங்காமலே பார்த்தேன். பியூஸின் தலையில் இரண்டு சின்ன உலோகப் புள்ளிகள் தெரியும். இன்னொரு மீட்டரை மில்லி வோல்ட்டில் வைத்து அவற்றைத் தொட்டால், கரண்ட் ஓடும் பியூஸ் மட்டும் கொஞ்சம் காட்டும். பானட்டுக்குள் இருப்பது, டேஷ்போர்டுக்குக் கீழே இருப்பது, இரண்டு பெட்டியும் பார்த்தாயிற்று. 0.26-க்குக் கணக்கு சொல்லும்படி ஒன்றுகூட இல்லை.

இருட்டிவிட்டது. வாரம் முழுக்க நெகட்டிவைக் கழற்றியே வைக்கப் போகிறேன்.

ஜூன் 18, புதன்

காவேரிப்பட்டணத்தில் தெரிந்த ஆட்டோ எலக்ட்ரீஷியன் அண்ணனிடம் போனில் சொன்னேன். "பியூஸ் பாக்ஸுக்கு வராம பேட்டரியில இருந்து நேரா போற வயர் எது எதுன்னு பாரு தம்பி" என்றார். ஆல்டர்னேட்டரில் கரண்ட்டை ஒரே திசையில் மட்டும் விடும் டயோடு கெட்டாலும் இப்படி இழுக்குமாம்.

ஜூன் 21, சனி

முதலில் ஆல்டர்னேட்டர். பேட்டரி கழன்றிருக்கும்போதே ஆல்டர்னேட்டரின் தடித்த வயரை எடுத்து டேப் சுற்றிவிட்டு, மறுபடி மீட்டர், மறுபடி காத்திருப்பு. அதே 0.26. ஆல்டர்னேட்டர் மேல் தப்பில்லை.

பாசிட்டிவ் டெர்மினலில் இன்னொரு சிவப்பு வயர். வழியில் தனி பியூஸ். அதைப் பிடித்துக்கொண்டே போனேன். டேஷ்போர்டுக்குள் நுழைந்து, கார்பெட்டுக்கு அடியில் ஓடி, டிரைவர் சீட்டுக்குக் கீழே இருக்கும் ஆம்ப்ளிஃபயரில் முடிந்தது. கையை வைத்தேன். வாரம் முழுக்க பேட்டரி கழன்றிருந்தும், மீட்டர் போட்ட இந்த ஒரு மணி நேரத்திலேயே லேசாகச் சூடு ஏறியிருந்தது! பாட்டே ஓடவில்லை.

பழைய உரிமையாளர் காலத்தில் மாட்டியது. ஸ்டீரியோ ஆன் ஆனால் ஆம்ப்ளிஃபயரை எழுப்ப ஒரு நீல வயர் உண்டு. மாட்டியவர் அதை ஸ்டீரியோவின் நீல வயரில் கொடுக்காமல், எப்போதும் 12 வோல்ட் இருக்கும் மஞ்சள் வயரோடு முறுக்கி வைத்திருந்தார். ஸ்டீரியோ அணைந்தாலும் இது அணையாது. எழுப்பும் வயரில் ஓடுவது சொற்பம், மொத்த கரண்ட்டும் அந்தத் தனி சிவப்பு வயரில். பியூஸ் பெட்டியில் ஏன் தெரியவில்லை என்பது இப்போது புரிந்தது.

நீலத்தை நீலத்தோடு சேர்த்து சால்டர் வைத்தேன். வண்டி தூங்கியதும் மீட்டரில் 0.02.

ஜூன் 28, சனி

வாரம் முழுக்க எதையும் கழற்றவில்லை. காலையில் 12.5. அம்மாவோடு ராயக்கோட்டை போய் வந்தாயிற்று, அத்தை ஒரு பை நிறைய மாம்பழம் கொடுத்து அனுப்பினார். தம்பி டேஷ் கேமரா வாங்கி வந்திருக்கிறான். சாவி போட்டால் மட்டும் கரண்ட் வரும் பியூஸிலிருந்துதான் அதற்கு லைன் எடுக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன்.