அண்ணாச்சி தொட்டதும் நான் தொடாததும்

"நான்தான் எதையோ தொட்டுவிட்டேன் தம்பி" என்று அண்ணாச்சி சொன்னபோது, இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். "பரவாயில்லை அண்ணாச்சி, இனிமேல் பார்த்துக்கொள்ளலாம்" என்றேன். கேட்பவர்களுக்குப் பெருந்தன்மையாகத் தெரியும். அதற்குள் இருந்த களவு எனக்கு மட்டும்தான் தெரியும்.

அம்பாசமுத்திரத்தில் அவருடைய ஜெராக்ஸ் கடை. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நின்றது. அவருடைய பழைய கம்ப்யூட்டரில் விண்டோஸ் 11 ஏறாது. புதிது வாங்கும் காசுக்கு இன்னொரு ஜெராக்ஸ் மிஷினுக்கு முன்பணம் கட்டிவிடலாம் என்பது அவர் கணக்கு. லினக்ஸ் வகையான டெபியன் 13 போட்டுக்கொடுத்தேன். பிரிண்டர், ஸ்கேனர், தமிழ்த் தட்டச்சு எல்லாம் ஒரு மணி நேரத்தில் முடிந்தது.

முடியாதது நெட். இணைப்பு மாடியில் வீட்டுக்குள் இருக்கிறது; கடைக்கு ஒரு சின்ன வைஃபை டாங்கிள்தான். அதற்குள் 8821ஏயூ சில்லு. சொருகினால் கம்ப்யூட்டர் அதன் பெயரைச் சொல்கிறது, அதைக்கொண்டு என்ன செய்வதென்று அதற்குத் தெரியவில்லை. லினக்ஸின் மையக்கருவுக்குக் கர்னல் என்று பெயர்; டெபியனோடு வந்த 6.12 கர்னலில் அந்தச் சில்லை இயக்கும் மென்பொருள், அதாவது டிரைவர், கிடையாது. டிரைவரின் மூல நிரல் என் பென்டிரைவில் இருந்தது. அதைக் கம்பைல் செய்ய, அதாவது கம்ப்யூட்டர் ஓட்டக்கூடிய வடிவுக்கு மாற்ற, 'மேக்' கட்டளை கொடுத்தேன். இரண்டாவது வரியிலேயே நின்றது: கர்னலின் 'பில்ட்' அடைவு (ஃபோல்டர்) இல்லை. டிரைவரை அந்தக் கர்னலோடு பொருத்தும் ஹெட்டர் கோப்புகள் வேண்டும், நிரலை மாற்றித்தரும் கம்பைலர் வேண்டும், இரண்டையும் இறக்க நெட் வேண்டும். கிணற்றில் இறங்கக் கயிறு தேவை, கயிறு கிணற்றுக்குள் கிடக்கிறது.

என் போனை யூஎஸ்பி கேபிளில் மாட்டி அதன் டேட்டாவில் வேலையை ஓட்டினேன். ஹெட்டர்கள் இறங்கின, ஜிசிசி என்ற கம்பைலர் இறங்கியது. மறுபடி 'மேக்'. அந்தப் பழைய பிராசசரில் வரிகள் ஒவ்வொன்றாக ஏறிக்கொண்டிருந்தபோது அண்ணாச்சி ஸ்டூலை இழுத்துப்போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். எச்சரிக்கை வரிகள் வரும்போதெல்லாம் என் முகத்தைப் பார்த்தார். கடைசியில் டிரைவரை ஏற்றியதும் டாங்கிளின் ஓரத்தில் நீல விளக்கு ஒருமுறை விழித்து, பிறகு விட்டுவிட்டு மின்னத் தொடங்கியது. "உயிர் வந்துவிட்டது" என்றார்.

அந்த இடத்தில் எழுந்திருக்கக் கூடாது. கையால் கம்பைல் செய்த டிரைவர் அன்றைக்கு ஓடுகிற கர்னலுக்குரிய அடைவில் மட்டும்தான் போய் உட்காரும். கர்னல் புதிதாக வந்தால் அது தன்னுடைய அடைவில் தேடும். அங்கே ஒன்றும் இருக்காது. இதற்காகவே டிகேஎம்எஸ் என்று ஒன்று இருக்கிறது. டெல் நிறுவனத்துப் பொறியாளர்கள் 2003-இலேயே எழுதியது. கர்னல் மாறும்போதெல்லாம் டிரைவரைத் தானே மறுபடி கம்பைல் செய்துவைக்கும். அது மட்டும் போதாது. புதுக் கர்னலோடு அதன் ஹெட்டர்களும் கூடவே வருகிற மாதிரி பொதுத் தொகுப்பையும் நிறுவ வேண்டும். நான் அன்றைய பதிப்பின் ஹெட்டரை மட்டும் இறக்கியிருந்தேன். இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரியாமல் விட்டிருந்தால் இதை எழுதவே மாட்டேன்.

டேட்டா தீர்ந்துவிட்டது என்று எனக்கு நானே ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தேன். டிகேஎம்எஸ் ஒரு போட்டோ அளவுகூட வராத தொகுப்பு. நெல்லைக்குப் போகும் மாலை ரயிலைப் பிடிக்க வேண்டியிருந்தது என்றும் சொல்லிக்கொண்டேன். அம்பையிலிருந்து ஜங்ஷனுக்குப் பஸ்ஸுக்கா பஞ்சம்? விளக்கு மின்னியது, அவர் முகம் மலர்ந்தது, எனக்கு அது போதுமாக இருந்தது. அவ்வளவுதான்.

நான் கேபிளைச் சுற்றிக்கொண்டிருந்தபோது அவர் கேட்டார்: "அப்டேட் என்று ஏதாவது கேட்டால் என்ன செய்ய?"

அவர் கேட்கக்கூடிய கேள்விகளிலேயே சரியான கேள்வி அது. "கொடுத்துவிடுங்கள் அண்ணாச்சி, நல்லதுதான்" என்றேன். யாரிடம் கேட்டாலும் இதையேதான் சொல்வார்கள். ஊரில் உள்ள எல்லாக் கம்ப்யூட்டருக்கும் பொருந்துகிற அந்தப் பதில் அந்த ஒன்றுக்கு மட்டும் பொருந்தாதபடி செய்துவைத்தவன் நான்.

மூன்று வாரம் கழித்து அது கேட்டது, அவர் கொடுத்தார். திரும்ப எழுந்தபோது நீல விளக்கு இல்லை. கல்லிடைக்குறிச்சியிலிருந்து ஒரு பெண் வேலை விண்ணப்பம் போட வந்திருந்தாளாம், அன்று கடைசி நாளாம். ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு பஸ் ஸ்டாண்டு பக்கம் வேறு கடை தேடிப் போனாளாம். போட்டாளா இல்லையா என்று அவருக்கும் தெரியவில்லை.

அவர் போன் செய்தபோதே வழி சொல்லியிருக்கலாம். கம்ப்யூட்டர் எழும்போது வரும் பட்டியலில் பழைய கர்னலைத் தேர்ந்தெடுத்தால் அதன் அடைவில் என் டிரைவர் பத்திரமாக இருக்கும்; இரண்டு நிமிட வேலை. நாளை நேரில் வருகிறேன் என்றேன். போனில் சொன்னால் அவருக்குப் புரியாது என்று நினைத்தேன். புரிந்துவிடும் என்று பயந்தேனோ என்று இப்போது தோன்றுகிறது. பழையது வேலை செய்கிறது, புதியது செய்யவில்லை என்றால் அடுத்த கேள்வி என்னை நோக்கித்தான் வரும். இருபது வருடமாக ஜெராக்ஸ் மிஷினைக் கழற்றி மாட்டுகிறவர் அவர்.

மறுநாள் போய் எல்லாவற்றையும் முறையாகச் செய்தேன். அப்போதுதான் அந்த வாக்கியத்தைச் சொன்னார். முந்நூறு ரூபாயையும் எடுத்து நீட்டினார். வேண்டாம் என்று ஒருமுறை சொன்னேன். நம் பக்கத்தில் ஒருமுறை மறுப்பது மறுப்பில்லை என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். சட்டைப் பையில் வைத்துவிட்டார்.

உண்மையைச் சொல்லியிருந்தால் அவருக்கு லினக்ஸ் மேலேயே நம்பிக்கை போயிருக்கும், யாரையாவது பிடித்துத் திருட்டு விண்டோஸ் போட்டிருப்பார் என்று வாதாடிப் பார்க்கிறேன். வாதம் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அவர் இழந்தது தன் கைமேல் இருந்த நம்பிக்கையை. இரண்டையும் எந்தத் தராசில் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

போன மாதம் அந்தப் பக்கம் போனவன் கடையில் ஏறினேன். மானிட்டரின் அடியில் ஒரு சிறு அட்டை, டேப் போட்டு ஒட்டியிருந்தது. "அப்டேட் கேட்டால் தொடக் கூடாது." அவருடைய சாய்ந்த கையெழுத்து. லேமினேட் வேறு செய்திருந்தார்.

"இப்போது தொடலாம் அண்ணாச்சி, ஒன்றும் ஆகாது" என்றேன்.

"ஒருமுறை பட்டது போதும் தம்பி" என்று சிரித்துவிட்டு டீ சொல்லப் போனார்.

அவர் முதுகு தெருவில் திரும்பியதும் டெர்மினலைத் திறந்தேன். மாதக்கணக்கில் சேர்ந்துபோன அப்டேட்கள். ஊர்க்காரர்களின் ஆதார் அட்டையும் மார்க் ஷீட்டும் இந்தப் பெட்டி வழியாகத்தானே போகின்றன. எல்லாவற்றையும் ஏற்றினேன். புதுக் கர்னல் வந்தது, டிகேஎம்எஸ் தன் வேலையைச் செய்தது. மறுபடி எழுப்பினேன். நீல விளக்கு மின்னியது. அட்டையை எடுக்கவில்லை.

அவர் இரண்டு தம்ளரோடு வந்தார். திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "என்ன தம்பி, எதையாவது தொட்டாயா?"

"இல்லை அண்ணாச்சி" என்றேன்.