டூனா பயணத்தை வைத்துச் சுற்றுப்பாதை இயக்கவியல் தேர்வுக்குப் படித்த அனுபவம்

சுற்றுப்பாதை இயக்கவியல் தாளுக்கு முதன்முறை படித்தபோது சூத்திரங்கள் எல்லாம் எனக்கு மனப்பாடம். ஆனாலும் நான்கைந்து படிகள் கொண்ட கணக்கு வந்தால் எந்தப் படியில் எதை எடுப்பது என்று தெரியாமல் பாதியிலேயே நின்றுவிடுவேன். இடைத்தேர்வில் மதிப்பெண் குறைந்தபின், கெர்பல் ஸ்பேஸ் புரோகிராம் என்ற விண்பயண உருவகப்படுத்தல் விளையாட்டைப் பாடநூலின் பக்கத்தில் வைத்துக்கொண்டு படிக்கத் தொடங்கினேன். மூன்று வீரர்களைக் கெர்பின் கோளிலிருந்து டூனா என்ற செந்நிறக் கோளுக்கு அனுப்பி, இறக்கி, உயிரோடு திரும்பக் கொண்டுவர வேண்டும் என்பதே இலக்கு. ஆயத்தமாகக் கிடைக்கும் கணிப்பான் எதையும் தொடாமல், ஒவ்வோர் எண்ணையும் முதலில் தாளில் வருவித்துவிட்டு அதன்பின் பறந்து பார்ப்பது என்று விதி வைத்துக்கொண்டேன். இதே வழியில் படிக்க நினைப்பவர்கள் வேறு எதை விட்டாலும் இந்த விதியை விட வேண்டாம்.

டூனாவைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. விளையாட்டில் உள்ள சூரியக் குடும்பம் உண்மையானதைவிட மிகச் சிறியது. கெர்பினின் ஆரம் 600 கி.மீ. மட்டுமே. ஆனால் டூனாவின் பாதை கெர்பினின் பாதையைப் போல 1.524 மடங்கு பெரியது. பூமிக்கும் செவ்வாய்க்கும் உள்ள விகிதமும் அதுவே. கோணங்களும், ஆண்டு என்ற அலகில் சொல்லப்படும் காலங்களும் இந்த விகிதத்தை மட்டுமே சார்ந்தவை என்பதால், டூனாவுக்குப் போட்ட கணக்கு அப்படியே செவ்வாய்க் கணக்காகவும் ஆகிவிடுகிறது.

வால்டர் ஹோமன் 1925-இல் விளக்கிய பரிமாற்றப் பாதை இரு கோள்களின் பாதைகளையும் தொடும் ஒரு நீள்வட்டம். கெர்பினின் பாதை ஆரத்தை 1 அலகு என்று வைத்தால், அதன் அரை நெட்டச்சு (நீள அச்சின் பாதி) 1.262 அலகு. கெப்ளரின் மூன்றாம் விதிப்படி இதன் 1.5 அடுக்கை எடுத்துப் பாதியாக்கினால் பயணக் காலம் 0.709 ஆண்டு என்று வருகிறது. கெர்பினின் ஆண்டு ஆறு மணி நேர நாள்களில் 426. ஆகவே பயணம் 302 நாள். பூமி ஆண்டை வைத்தால் செவ்வாய்க்கு 259 நாள். அந்த 0.709 ஆண்டில் டூனா 135.6 பாகை நகர்கிறது. கலம் நகர்வது 180 பாகை. எனவே புறப்படும் நேரத்தில் டூனா கெர்பினைவிட 44.4 பாகை முன்னால் இருக்க வேண்டும். வரைபடத் திரையில் கோணமானியை வைத்து அளந்து, அந்த இடம் வரும்வரை காலத்தை ஓட்டிவிட்டுப் புறப்பட்ட அன்றுதான் இந்தச் சூத்திரம் எனக்குப் புரிந்தது.

அடுத்த படியில் நான் செய்த தவற்றைப் பலரும் விடைத்தாளிலும் செய்கிறார்கள். கெர்பினுக்கு மேலே 100 கி.மீ. உயரத்தில் சுற்றும் கலத்தின் வேகம் வினாடிக்கு 2,246 மீட்டர். அங்கே விடுபடு வேகம் 3,176 மீட்டர். கெர்பினின் ஈர்ப்பைக் கடந்த பிறகும் 918 மீட்டர் வேகம் மிஞ்சினால்தான் டூனாவை எட்ட முடியும். நான் 3,176-உடன் 918-ஐ நேராகக் கூட்டி, 1,848 மீட்டர் வேக மாற்றத்துக்கு எரிபொருள் ஏற்றிக்கொண்டு போனேன். திரையில் 1,060 மீட்டரைத் தாண்டியபோதே பாதை டூனாவைத் தொட்டுவிட்டது. இங்கே கூடுவது ஆற்றல், வேகம் அல்ல. ஆகவே இரண்டின் வர்க்கங்களையும் கூட்டி வர்க்கமூலம் எடுக்க வேண்டும், அது 3,306. விடுபடு வேகத்துக்கு மேல் வெறும் 130 மீட்டர் கூட்டினால், தொலைவில் போனபின் அது 918 மீட்டராக நிற்கிறது. ஓபர்த் விளைவு என்று பாடநூலில் ஒரு பத்தியில் முடிந்துபோகும் விஷயம் இதுதான். திரையில் கண்ட எண் என் கணக்கிலிருந்து சற்றே விலகியிருந்தது. டூனாவின் பாதை சரியான வட்டம் அல்ல என்பதே அதற்குக் காரணம்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்: விளையாட்டு காட்டும் உயரம் கடல்மட்டத்திலிருந்து அளக்கப்படுவது, சூத்திரம் கேட்பதோ மையத்திலிருந்து உள்ள தொலைவு. 700 கி.மீ. என்று போடாமல் 100 என்று போட்டால் சுற்றும் வேகம் 5,943 என்று வரும். இடைத்தேர்வில் ஒரு முழுக் கணக்கை நான் இழந்தது இதே வகைப் பிழையால்தான்.

வீரர்கள் இருக்கும் பயணம் ஆளில்லாக் கலத்தை அனுப்புவதிலிருந்து வேறுபடுவது திரும்பும் வழியில்தான். முதல் முயற்சியில் டூனாவில் நல்லபடியாக இறங்கி, 20 நாள் கழித்துப் புறப்பட்டேன். திரும்பும் பாதை கெர்பினின் சுற்றுப்பாதையைச் சரியாகத் தொட்டது. ஆனால் கெர்பின் அங்கே இல்லை, ஏறத்தாழ சூரியனுக்கு மறுபக்கத்தில் இருந்தது. அந்த மூவரையும் அப்படியே விட்டுவிட மனமில்லாமல், அன்றிரவே உட்கார்ந்து காத்திருப்புக் காலத்தை வருவித்தேன். நாம் டூனாவை அடையும்போது கெர்பின் அதைவிட 75.2 பாகை முன்னால் இருக்கிறது. திரும்பப் புறப்படும்போது அதே 75.2 பாகை பின்னால் இருக்க வேண்டும். அதாவது கெர்பின் இன்னும் 209.6 பாகை முந்த வேண்டும். ஒரு முழுச் சுற்று முந்த 909 நாள் ஆவதால், இதற்கு 529 நாள். போக, காத்திருக்க, வர என்று மொத்தம் 1,133 நாள். இதே கோணங்களைச் செவ்வாய்க்கு வைத்தால் காத்திருப்பு 454 நாள், மொத்தம் 972 நாள். இரண்டாம் முயற்சியில் 529 நாள் கழித்துப் புறப்பட்டேன். கெர்பின் எதிரே வந்து நின்றது.

எரிபொருள் கணக்கைப் பயணத்தின் கடைசிக் கட்டத்திலிருந்து பின்னோக்கிப் போட வேண்டும். தேவையான வேக மாற்றம், வினாடிக்கு இத்தனை மீட்டர் என்ற கணக்கில்: டூனாவின் தாழ்ந்த சுற்றுப்பாதையிலிருந்து வீடு திரும்ப 615 மீட்டர், தரையிலிருந்து அந்தப் பாதைக்கு ஏற 1,450 மீட்டர், கெர்பினின் சுற்றுப்பாதையிலிருந்து புறப்பட 1,060 மீட்டர். ஒப்பு உந்தம் (எரிபொருளை எவ்வளவு திறமையாகப் பயன்படுத்துகிறது என்பதன் அளவு) 345 வினாடி கொண்ட டெரியர் இன்ஜினை வைத்து, சியோல்கோவ்ஸ்கியின் ராக்கெட் சமன்பாட்டில் ஒவ்வொரு கட்டத்தின் நிறை விகிதத்தையும் (எரிப்பதற்கு முன் உள்ள நிறையை எரித்தபின் உள்ள நிறையால் வகுத்தது) கண்டால் 1.20, 1.54, 1.37 என்று வரும். விகிதங்கள் கூட்டப்படுவதில்லை, பெருக்கப்படுகின்றன. அதனால் வீடு வரை கொண்டுவரும் ஒவ்வொரு 100 கிலோவுக்கும், இறங்கும் செலவைச் சேர்க்காமலேயே, கெர்பினின் சுற்றுப்பாதையில் 250 கிலோவுக்கு மேல் வைத்திருக்க வேண்டும். இதை உணர்ந்ததும், இறங்கும் கலத்தையும் திரும்பும் கலத்தையும் தனித்தனியாகப் பிரித்தேன்.

இறங்குவதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. டூனாவின் காற்றழுத்தம் கெர்பினுடையதில் பதினைந்தில் ஒரு பங்குதான்; பாராசூட் வேகத்தைக் குறைக்குமே தவிர, கனமான கலத்துக்குக் கடைசியில் இன்ஜினையும் இயக்கியாக வேண்டும்.

விளையாட்டை அப்படியே விடைத்தாளில் எழுதிவிடக் கூடாத இடங்களும் உண்டு. இது ஒரு நேரத்தில் ஒரு கோளின் ஈர்ப்பை மட்டுமே கணக்கில் எடுக்கிறது. அதனால் இரு பொருள்களின் ஈர்ப்பும் சேர்ந்து உருவாக்கும் சமநிலை இடங்களான லக்ராஞ்சு புள்ளிகள் இங்கே இல்லை. அந்தப் பாடத்தைத் தனியாகப் படிக்க வேண்டும். அடிப்படை விளையாட்டில் வீரர்களுக்கு உணவும் உயிர்வளியும் தேவைப்படுவதில்லை. உண்மையில் 454 நாள் காத்திருப்பின் பெரும் சுமையே அதுதான்.

தேர்வுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது விளையாட்டை மூடிவிட்டுத் தாளில் மட்டும் பயிற்சி செய்தேன். திரையில் சரிபார்க்க வழி இருக்கும்வரை கை கணக்கை முழுதாக நம்பாது. தொடங்க விரும்புபவர்கள் சூரியனுக்கு அருகில் உள்ள ஈவ் கோளை எடுத்துக்கொள்ளலாம். விகிதம் 0.723, வெள்ளிக்கும் அதுவே. புறப்படும் கோணம் −54 பாகை என்று வர வேண்டும். குறி ஏன் மாறுகிறது என்பதை ஒரு படம் வரைந்து உறுதிசெய்துகொண்ட பிறகு ஏவுதளத்துக்குப் போங்கள்.