வேகம் பூச்சியம் என்று சொன்ன போட்

ஜூன் 8
திருகோணமலை உப்புவெளியில் ஒரு முதலாளியின் ஸ்கீ போட்டை, பலகையில் நிற்கிறவரைக் கயிற்றால் இழுத்துக்கொண்டு ஓடுகிற போட்டை, பழுது பார்க்கக் கூப்பிட்டிருந்தார்கள். அமெரிக்கத் தயாரிப்பு, பாவித்ததாக வாங்கியது, எஞ்சின் நடுவில் இருக்கிற வகை. இதில் ஒரு வேகக் கட்டுப்பாட்டுப் பெட்டி உண்டு. ஓட்டுநர் 34 என்று வைத்துவிட்டால் அதுவே பெற்றோலைக் கூட்டியும் குறைத்தும் மணிக்கு 34 கிலோமீற்றரில் நிறுத்தும், பின்னால் பலகையில் நிற்பவருக்கு இழுவை ஒரே சீராக இருக்கும். இப்போது என்ன நடக்கிறதென்றால், நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போதே திரையில் வேகம் பூச்சியத்துக்கு விழுகிறது. பெட்டிக்கு என்ன தெரியும், போட் நின்றுவிட்டது என்று நினைத்து எஞ்சினை முறுக்குகிறது. நேற்று ஒரு வெள்ளைக்காரப் பெண் கயிற்றைக் கைவிட்டுத் தண்ணீரில் விழுந்தாராம், நல்ல காலம் கைக்கு ஒன்றும் ஆகவில்லை.

கச்சான் காற்று ஏற முன்னம் ஒரு சுற்றுப் போய்ப் பார்த்தோம், ஒரு தரமும் விழவில்லை. பழுதுகளுக்கே உரிய குணம் இது, மெக்கானிக் ஏறினால் பதுங்கிவிடும். வேகக் கட்டுப்பாட்டை நிறுத்திவிட்டு, சரிபார்க்கும்வரை கையால் ஓட்டச் சொல்லிவிட்டு வந்தேன். முதலாளிக்கு விருப்பமில்லை, சீசன் நேரம்.

ஜூன் 9
ரெயிலரில் ஏற்றி அடிப்பக்கத்தைப் பார்த்தோம். வேகத்தை அளப்பது அடியில் இருக்கும் ஒரு சின்னச் சக்கரம். அதன் இதழ்களுக்குள் காந்தம் வைத்திருப்பார்கள். தண்ணீர் தள்ளத் தள்ள அது சுற்றும், உள்ளே இருக்கிற, காந்தத்தை உணர்கிற ஹோல் சென்சர் காந்தம் கடக்கிற ஒவ்வொரு முறையும் ஒரு துடிப்பு அனுப்பும், பெட்டி அந்தத் துடிப்புகளை எண்ணி வேகமாகக் காட்டும். அவ்வளவுதான் விசயம்.

சக்கரத்தின் அச்சில் மீன்பிடிக்கிற தங்கூசி நூல் சுற்றிக் கிடந்தது. கூடவே பாசியும், கல்லுப்போல ஒட்டிய பொடிச் சிப்பிகளும். போட்டில் வேலைக்கு நிற்கிற தம்பி அதைக் கண்டதும் "பிடிச்சிட்டம் அண்ணை!" என்று துள்ளினான். எனக்கு மனம் ஒப்பவில்லை. சக்கரம் இறுகினால் வேகம் எப்போதும் குறைவாகக் காட்டும், அல்லது காட்டவே காட்டாது. ஒரு நேரம் சரியாகவும் மறு நேரம் பூச்சியமாகவும் துள்ளுவதற்கு நூல் போதாது. ஆனாலும் அதை அப்படியே விட ஏலாதே. நூலை வெட்டி எடுத்து, அச்சைக் கழற்றிப் பழைய பல் துலக்கும் பிரஷால் துப்புரவாக்கிப் பூட்டினோம். விரலால் தட்டினால் நெடுநேரம் சுற்றியது.

பின்னேரம் தண்ணீரில் விட்டார்கள். நான் போகவில்லை. இரவு ஃபோன் வந்தது: திரும்பவும் விழுந்ததாம்.

ஜூன் 11
முதலாளி புதுச் சென்சருக்குக் கொழும்புக்கு ஓடர் கொடுக்கப் போவதாக நின்றார். கொஞ்சம் பொறுங்கோ என்றேன். பழுது எதில் என்று தெரியாமல் சாமான் மாற்றுவது சூதாட்டம், அதுவும் வெளிநாட்டிலிருந்து வர வேண்டிய சாமான்.

மல்ரிமீற்றரை எடுத்தேன். சென்சரிலிருந்து வருவது மூன்று வயர்: சிவப்பு மின்சாரம் கொடுக்க, பச்சை சிக்னல், உறையில்லாத வெறும் கம்பி எர்த், அதாவது நெகற்றிவ். சாவியைப் போட்டுவிட்டுச் சக்கரத்தை விரலால் மெள்ள மெள்ளத் திருப்பினால், பச்சை வயரில் வோல்ற் மேலே போய்க் கீழே விழ வேண்டும். வேகமாகச் சுற்றினால் மீற்றருக்கு எட்டாது, நடுவில் ஏதோ ஒரு எண்ணைக் காட்டிக் குழப்பும். மெள்ளத் திருப்பினேன். 5 வோல்ற், பூச்சியம், 5 வோல்ற், பூச்சியம். சென்சர் உயிரோடு இருக்கிறது. எர்த் வயரையும், இணைப்பு இருந்தால் பீப் அடிக்கிற மீற்றர் சோதனையில் வைத்துப் பார்த்தேன், பீப் அடித்தது. எல்லாம் சரி, போட் மட்டும் சரியில்லை.

உண்மையில் வழியைக் காட்டியது அந்தத் தம்பிதான். கரையில் பிளேன்ரீ குடித்துக்கொண்டு நிற்கும்போது சாதாரணமாகச் சொன்னான்: "அண்ணை, பைக்குத் தண்ணி ஏத்தேக்கதான் அது கூடக் கிறுக்குப் பண்ணுது." வேக்போர்ட், அதாவது ஒற்றைப் பலகையில் போட்டின் அலைமேல் துள்ளி விளையாடுகிற ஆட்கள் பெரிய அலை வேண்டும் என்பதற்காகப் போட்டின் பின்பக்கத்தில் பைகளில் கடல் தண்ணீரை நிரப்பிப் பாரம் ஏற்றுவார்கள், அதற்கு ஒரு பம்ப் உண்டு. முதல் நாள் என்னோடு போனபோது பை நிரப்பவே இல்லை. இதை முதலாளி சொல்லவில்லை, ஓட்டுநரும் சொல்லவில்லை. பழுது கேட்கப் போனால் கடைசி ஆள்வரை கேட்க வேண்டும் என்று நான் பிடிவாதமாக இருப்பது இதற்குத்தான்.

ஜூன் 12
காலையிலேயே போய், மீற்றரின் ஒரு முனையைப் பற்றரியின் நெகற்றிவில் பிடித்து, மறு முனையைச் சென்சரின் எர்த் வயரில் வைத்தேன். பம்ப் ஓடாதபோது கிட்டத்தட்டப் பூச்சியம். தம்பியை பம்ப் சுவிட்சைப் போடச் சொன்னேன். 1.4 வோல்ற்! இரண்டும் ஒரே நெகற்றிவ் என்றால் இவ்வளவு வரவே கூடாது, நல்ல இணைப்பில் அதில் பத்திலொரு பங்குகூடக் காட்டாது.

பின்பக்கத் தரைப்பலகையைத் தூக்கினால் கதை தெரிந்தது. முன்பு யாரோ சென்சரை மாற்றியபோது, அதன் எர்த்தைப் பெட்டிவரை கொண்டுபோகப் பஞ்சிப்பட்டு பம்பின் நெகற்றிவ் வயரோடு முறுக்கி இன்சுலேஷன் ரேப் சுற்றியிருக்கிறார்கள். ரேப்பை உரித்தால் உள்ளே பச்சைப் பொடி, தொட்டதும் இழைகள் உதிர்ந்தன. இந்த வகைப் போட்டுகள் நன்னீர் ஏரிகளில் ஓடச் செய்தவை. அங்கே வெறும் செம்பு வயர் வருசக்கணக்கில் தாங்கும். நம்முடைய உப்புக் காற்றில் உறைக்குள்ளேயே கறுத்து ஏறிவிடும்.

விளக்கம் இதுதான். சென்சர் குடிப்பது துளி மின்சாரம், கெட்ட இணைப்பிலும் அது சிரமமில்லாமல் போய்விடும். மீற்றரின் பீப் சோதனையும் அப்படித்தான், ஓரிரு இழை மிஞ்சியிருந்தாலும் பீப் அடிக்கும். பம்ப் இழுப்பதோ சுமார் 7 அம்பியர். அந்தப் பச்சைப் பொடியின் தடை வெறும் 0.2 ஓம் என்றாலும் 7 பெருக்கல் 0.2, அதுதான் அந்த 1.4 வோல்ற். சென்சரின் பூச்சியம் இப்போது பெட்டிக்கு 1.4 ஆகத் தெரிகிறது. சிக்னல் கீழே விழுந்துவிட்டது என்று பெட்டி ஒத்துக்கொள்ளாது, துடிப்பை எண்ணாது, வேகம் பூச்சியம். சுமை ஏற்றாமல் எர்த்தைச் சோதித்தவர்கள் இதை ஆயுளுக்கும் கண்டுபிடிக்க மாட்டார்கள்.

ஜூன் 13
சென்சர் எர்த்தைப் பிரித்து, பெட்டிவரை தனி வயர். வெள்ளீயப் பூச்சுள்ள வயர், உள்ளே பசை உருகி அடைக்கிற சுருங்கு ரியூப், ரேப் கிடையாது. பிளக் வயர்களுக்குப் பக்கத்தால் போகாமல் மறுபக்கத்தால் கொண்டுபோனேன், அந்தப் பக்கம் போனால் பொய்த் துடிப்பு ஏறி வேகம் கூடக் காட்டும். பம்பைப் போட்டுப் பார்த்தேன், மீற்றர் அசையவில்லை.

இடையில் கிண்ணியா நானா ஒருவர் வந்து, எஞ்சின் பின்னால் வெளியே தொங்குகிற தன்னுடைய அவுட்போர்ட் போட்டில் வேக முள் எழும்பவே இல்லை என்றார். அது வேறு வகை, தண்ணீருக்குள் இறங்குகிற எஞ்சின் காலில் ஒரு பொடி ஓட்டை, அதற்குள் முட்டும் தண்ணீரின் அழுத்தம் ரியூப் வழியாக மேலே மீற்றருக்கு வரும். வேகம் இரண்டு மடங்கானால் அழுத்தம் நான்கு மடங்கு, அதனால் மெதுவாகப் போகும்போது முள் தூங்குவது இயல்பு. வேகமாகப் போயும் எழும்பாவிட்டால் பெரும்பாலும் மணல். "ரியூப்பை மீற்றரிலயிருந்து கழட்டிப்போட்டு ஊதுங்கோ நானா, பூட்டினபடி ஊதினா மீற்றர் போயிரும்" என்றேன். பின்னேரமே முள் எழும்பிவிட்டதாகச் செய்தி அனுப்பினார்.

ஜூன் 14
விடிய, கடல் எண்ணெய் ஊற்றியதுபோல் கிடந்தது. சல்லி ஊர்ப் பக்கமாக ஒரு நேர்கோட்டில் போய், அதே கோட்டில் திரும்பி வந்தோம். இரண்டு பக்கமும் ஓட வேண்டும், ஏனென்றால் சக்கரம் அளப்பது தண்ணீருக்குள் போகிற வேகம், ஃபோனில் ஜீபிஎஸ் காட்டுவது தரையோடு ஒப்பிட்ட வேகம், நீரோட்டம் இருந்தால் இரண்டும் ஒத்துப்போகாது. சராசரி எடுத்தால் சக்கரம் 34, ஜீபிஎஸ் 31. பெட்டியில் திருத்தம் 100 என்று இருந்ததை 91 ஆக்கினேன். பிறகு பையை நிரப்பி, பம்ப் ஓட ஓட, தம்பியைப் பலகையில் ஏற்றி இழுத்தோம். திரை இறங்கவில்லை, எஞ்சின் முறுக்கவில்லை, தம்பி ஊளையிட்டுக்கொண்டு வந்தான்.

முதலாளி இப்போதும் சக்கரத்துக்குப் பதிலாக ஜீபிஎஸ்ஸால் வேகம் அளக்கிற பெட்டி வாங்கலாமா என்று கேட்கிறார். வாங்கலாம். மிதவைகளைச் சுற்றி வளைந்து வளைந்து போகிற ஸ்லாலொம் போட்டிப் பாதை 259 மீற்றர், 58 கிலோமீற்றரில் அதை 16 செக்கனில் கடக்கிறார்கள், அந்தத் துல்லியத்துக்குச் சக்கரம் சரிவராது. அடியில் சிப்பி ஒட்டுகிற தொல்லையும் இருக்காது. ஆனால் இங்கே வருகிறவர்கள் விழுந்து எழும்பிப் பழகுகிற ஆட்கள், அவர்களுக்கு இது போதும். அந்தக் காசை முதலில் வயருக்குப் போடுங்கோ என்றேன். பம்பின் பழைய நெகற்றிவ் இன்னும் அந்தப் பச்சைப் பொடியில்தான் தொங்குகிறது, பை நிரம்ப ஏன் இவ்வளவு நேரம் எடுக்கிறது என்று இனி யாரும் கேட்கத் தேவையில்லை. திங்கட்கிழமை அதை வெட்டுகிறேன்.