முதல் உலகப்போர் பாடத்தை எம்டனில் தொடங்கிப் பாருங்கள்

பத்தாம் வகுப்பு வரலாற்றில் முதல் பாடமே முதல் உலகப்போர்தான். பணிக்கு வந்த புதிதில் அதை நான் நடத்திய விதத்தை நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது. மூவர் கூட்டு, சரயேவோ கொலை, போருக்கான காரணங்கள் என்று கரும்பலகையில் எழுதிப் போட்டு அப்படியே நோட்டில் ஏற்றவைத்தேன். ஒரு வருடம் ஆவணப்படம் காட்டினேன். மறுநாள் கேட்டபோது பிள்ளைகளுக்கு பீரங்கிச் சத்தம்தான் நினைவில் இருந்தது.

இப்போது வேறு மாதிரி தொடங்குகிறேன். "வீட்டில் யாராவது 'அவன் சரியான எம்டன்' என்று சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா?" என்பதுதான் என் முதல் கேள்வி. போன வருடம் ஒரு பையன், "எங்க ஆயா என்னைத்தான் சார் அப்படித் திட்டும்" என்றான். சரி, அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று ஆயாவிடமே கேட்டுவிட்டு வா என்று அனுப்பினேன். மறுநாள் வகுப்பில் பாதிப் பேர் ஏதோ ஒரு கதையோடு வந்திருந்தார்கள்.

அப்புறம்தான் விஷயத்துக்குள் போவேன். 1914 செப்டம்பர் 22 இரவு, ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் சென்னைக் கடலோரம் வந்து பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டு எரித்தது. அதற்கான நினைவுக்கல் உயர் நீதிமன்ற மதில் சுவரில் இன்றும் இருக்கிறது. அதைப் படமெடுத்து, குழுவுக்கு ஒரு பிரதி கொடுப்பேன். இதை வைத்தது யார்? இதில் என்ன சொல்லியிருக்கிறது? எதைச் சொல்லாமல் விட்டிருக்கிறது? இந்த மூன்று கேள்வி போதும். ஜெர்மனிக்கு நம் ஊரோடு என்ன சண்டை என்று பிள்ளைகளே கேட்பார்கள். காலனிகள், கடல் வணிகம், எரிபொருள் என்று பாடத்திலுள்ள காரணங்களை அந்த இடத்தில் சொன்னால் தலையில் நிற்கிறது.

என் வகுப்பில் அதிகம் சூடுபிடிப்பது விடுதலைப் போராளி செண்பகராமன் பிள்ளை பேச்சு வரும்போதுதான். அந்தக் கப்பலில் அவரும் வந்தார் என்று யாராவது ஒருவர் கண்டிப்பாகச் சொல்வார். தப்பு என்று உடனே வெட்டிவிடாதீர்கள், உலக வரைபடத்தை விரித்து வையுங்கள். எம்டன் சீனாவின் சிங்டாவிலிருந்து கிளம்பி, பசிபிக் கடலைச் சுற்றிக்கொண்டு வங்கக்கடலுக்கு வந்தது. செண்பகராமனோ அந்த 1914இல் சூரிச்சில் இந்திய ஆதரவுக் குழுவை அமைத்து, பிறகு பெர்லினுக்குப் போனவர். ஒரு மாணவி ஸ்கேலை சூரிச்சிலிருந்து சென்னைவரை வைத்து அளந்துவிட்டு, "நடுவில் எங்க சார் ஏறியிருப்பார்?" என்று கேட்டாள். சான்று என்றால் என்ன என்பதை அதைவிட நன்றாக நான் விளக்கியதில்லை. அவருடைய விடுதலை உணர்வை இது குறைக்காது என்பதையும் மறக்காமல் சொல்லிவிடுங்கள். பிள்ளைகள் அவரை நேசிக்கிறார்கள்.

போரில் இறந்தவர்களைப் பற்றிப் பேச காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையப் பட்டியல் இலவசமாகக் கிடைக்கிறது. சென்னைப் பக்கம் இருப்பவர்கள் நந்தம்பாக்கம் போர்க் கல்லறைக்கே அழைத்துப் போகலாம்.

தேர்வைப் பற்றிய பயம் இருக்கும், எனக்கும் இருந்தது. காலக்கோடு கேள்விக்கு எம்டனையே ஆணியாக அடித்துக்கொள்ளச் சொல்கிறேன். 1914 ஜூனில் சரயேவோ, செப்டம்பரில் சென்னை, நவம்பர் 9இல் கோகோஸ் தீவருகே எம்டனின் முடிவு, 1917இல் ரஷ்யப் புரட்சி, 1919இல் வெர்சாய் என்று அந்த ஆணியிலிருந்து முன்னும் பின்னும் நகர்ந்து எழுதுகிறார்கள். ஆண்டு மாறிப்போவது வெகுவாகக் குறைந்திருக்கிறது.

எல்லாம் சேர்த்து மூன்று பீரியட் ஆகும். நினைவுக்கல் பிரதிகளை பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்தால் அடுத்த வருடத்துக்கும் ஆகும். படத்தைக் கல்லுக்கு நேர் எதிரே நின்று எடுங்கள். சாய்வாக எடுத்தால் எழுத்து சரியாக விழாது.