ஏழாம் நம்பரை மட்டும் வைத்து ஒரு கோல்ஃப் அயர்ன் செட் தேர்வு

கோல்ஃபில் நான் அடிக்கும் அயர்ன் செட்டை, அதாவது நம்பர் போட்ட உலோகத் தலைக் கிளப்புகளை, மாற்றலாம் என்று முடிவு செய்தபோது நான் தூரத்தைத் தேடவில்லை. ஏழாம் நம்பரில் அடித்த பந்து கிரீனில், அதாவது குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்பரப்பில், விழுந்து, பின்பக்கம் உருண்டு போகாமல் நிற்க வேண்டும். ஆசை அவ்வளவுதான். என் ஹாண்டிகேப், அதாவது ஆட்டத்திறனைக் காட்டும் எண் (குறைவாக இருந்தால் நல்லது), 16-ஐ ஒட்டி ஏறி இறங்கும். பழைய செட்டில் க்ரூவ்கள், அதாவது பந்து படும் முகப்பான ஃபேஸில் இருக்கும் வரிப்பள்ளங்கள், தேய்ந்து விளிம்பு மழுங்கிப் போயிருந்தன. ஈரப்புல்லிலிருந்து அடித்தால் பந்து எங்கே போய் நிற்கும் என்று எனக்கும் தெரியாது, பந்துக்கும் தெரியாது.

சோதனைக்கு நானே சில கட்டுப்பாடுகள் வைத்துக்கொண்டேன். எந்தச் செட்டானாலும் ஏழாம் நம்பரை மட்டும் அடிப்பது. கோர்ஸில் ஆடும் அதே பந்தையே பயன்படுத்துவது. பயிற்சி ரேஞ்சில் கிடைக்கும் பந்துகள் அடிபட்டு அடிபட்டுத் தேய்ந்தவை, சுழற்சியும் தூரமும் பந்துக்குப் பந்து மாறும். அப்புறம், ஒரே கிளப்பைத் தொடர்ந்து அடிக்காமல் மாற்றி மாற்றி எடுப்பது. இந்தக் கடைசி ஒன்றைப் பலரும் செய்வதில்லை. ஒரு கிளப்பைக் கீழே வைக்காமல் அடித்துக்கொண்டே இருந்தால் உடம்பு அதற்கேற்றபடி சரிசெய்துகொள்ளும். கொஞ்ச நேரத்தில் எந்தக் கிளப்பும் நல்ல கிளப் மாதிரியே தோன்றும்.

மூன்று ரகம் எடுத்துக்கொண்டேன். முதலாவது 'கேம் இம்ப்ரூவ்மென்ட்' என்ற பெயரில் வரும் பெரிய தலை. தடித்த மேல்விளிம்பு, அகலமான சோல், அதாவது தலையின் அடிப்பாகம். லாஃப்ட், அதாவது ஃபேஸ் பின்னால் சாய்ந்திருக்கும் கோணம், 28.5 டிகிரி. இரண்டாவது ஃபோர்ஜ் செய்த, அதாவது உலோகத்தை அடித்து உருவாக்கிய, கேவிட்டி பேக். தலையின் பின்பக்கம் குடைந்திருக்கும், 33 டிகிரி. மூன்றாவது பிளேட், பின்பக்கம் குடையாத மெல்லிய தலை, 35 டிகிரி. மூன்றின் அடியிலும் 7 என்றுதான் பொறித்திருக்கிறது.

அந்த 7-ஐ நம்பித் தூரத்தை ஒப்பிட்டால் கணக்கு தப்பும். நம்பர் குறையக் குறைய லாஃப்ட் குறைந்து தூரம் கூடும். ஒரு செட்டில் அடுத்தடுத்த கிளப்புகளுக்கு நடுவே வழக்கமாக 4 டிகிரிதான் வித்தியாசம் இருக்கும். அப்படியானால் 28.5-க்கும் 35-க்கும் இடையே ஒன்றரைக் கிளப் தொலைவு. இது போக, பெரிய தலை ரகத்தின் ஷாஃப்டும், அதாவது தண்டும், சற்று நீளம். பழைய கணக்கில் அது ஆறாம் நம்பரைத் தாண்டி ஐந்தை எட்டிப் பார்க்கிற கிளப். அதைப் பக்கத்தில் ஒரு பிளேடோடு நிறுத்தி "எது தூரம் போகிறது பார்" என்றால் என்ன சொல்ல?

ஆனால் இதை வெறும் விற்பனைத் தந்திரம் என்று ஒதுக்கவும் மாட்டேன். தலையின் எடையைக் கீழே தள்ளினால் ஈர்ப்பு மையமும் கீழே இறங்கும், பந்து உயரமாகக் கிளம்பும். பழைய லாஃப்டையே வைத்திருந்தால் தேவைக்கு மேல் உயரம் போய்த் தூரம் குறையும். அதனால் லாஃப்டைக் குறைத்து அந்த உயரத்தைத் தூரமாக மாற்றுகிறார்கள். மெதுவான ஸ்விங் உள்ளவருக்கு இது நிஜமாகவே உதவி. எனக்கு உதவியா என்பதுதான் கேள்வி.

பந்தின் பறப்பை அளக்கும் லாஞ்ச் மானிட்டர் முன்னால் அடித்தபோது பதில் பாதி கிடைத்தது. பெரிய தலையில் கேரி, அதாவது பந்து தரையைத் தொடும்வரை பறக்கும் தூரம், 151 யார்டை ஒட்டி வந்தது. கேவிட்டி பேக்கில் 140. பதினொரு யார்டு லாபம் என்று துள்ளலாம். ஆனால் சுழற்சி பெரிய தலையில் நிமிடத்துக்கு 4,900 பக்கம், கேவிட்டி பேக்கில் 6,200 பக்கம். பந்து இறங்கும் கோணம் 41-க்கு எதிராக 45. என்னைப் போன்றவர்கள் பார்க்க வேண்டியது இந்த இரண்டு எண்களைத்தான். 45 டிகிரிக்குக் குறைந்து இறங்கும் பந்து கெட்டியான கிரீனில் நிற்பது கஷ்டம். ஒப்பிட்டுப் பார்க்க: ட்ராக்மேன் என்ற லாஞ்ச் மானிட்டர் நிறுவனத்தின் பழைய கணக்கு ஒன்றில், ஆண்கள் தொழில்முறையாக ஆடும் பிஜிஏ டூர் ஆட்டக்காரர்களின் ஏழாம் நம்பர் கேரி சராசரி 172 யார்டு, சுழற்சி 7,100 பக்கம், இறங்கும் கோணம் 50. பெண்களுக்கான எல்பிஜிஏ டூரில் கேரி 141, சுழற்சி 6,700 பக்கம். என் வேகத்துக்கு இந்த இரண்டாவது வரிசைதான் சரியான அளவுகோல். டிவியில் ஆண்கள் அடிப்பதைப் பார்த்து நம் கிளப்பை எடைபோடுவதில் அர்த்தமில்லை.

சராசரியைவிட என்னைக் கவலைப்பட வைத்தது சிதறல். பெரிய தலையில் நடுவே அகப்பட்ட சில பந்துகள் திடீரென்று 160-ஐத் தாண்டின, சற்றுத் தப்பியவை 145-இல் விழுந்தன. பின்னால் தண்ணீர் இருக்கும் கிரீனில் அந்தத் திடீர் பந்து ஒரு பரிசு இல்லை. கேவிட்டி பேக்கில் மிக நீண்டதற்கும் மிகக் குறைந்ததற்கும் இடையே ஒன்பது பத்து யார்டுதான். என் தேர்வு ஏறக்குறைய அங்கேயே முடிந்துவிட்டது என்று சொல்லலாம்.

பிளேட் பக்கம் மனம் போகாமல் இல்லை. மெல்லிய மேல்விளிம்பு, குட்டித் தலை, பந்துக்குப் பின்னால் வைத்தால் கண்ணுக்கு அத்தனை அழகு. ஃபேஸில் பாதங்களுக்குப் போடும் பவுடர் ஸ்ப்ரேயை அடித்து, பந்து எங்கே படுகிறது என்று பார்த்தேன். என் அடிகள் பெரும்பாலும் நடுவிலிருந்து டோ பக்கம், அதாவது முனைப்பக்கம், அரை அங்குலம் தள்ளி விழுகின்றன. பிளேடில் அந்த அடிகள் பத்துப் பதினைந்து யார்டு குறைந்தன, கையிலும் சுளீரென்று ஏறியது. கேவிட்டி பேக்கில் நஷ்டம் அதில் பாதிகூட இல்லை. காரணம் எளிது. எடையை ஓரங்களுக்குத் தள்ளிய தலை, கயிற்றில் நடப்பவர் பிடிக்கும் நீளக் கழி போல, சுலபத்தில் முறுக்கிக்கொள்ளாது. ஜெனரல் எலக்ட்ரிக்கில் பொறியாளராக இருந்த கார்ஸ்டன் சோல்ஹைம் இந்த யோசனையை முதலில் பட்டரில், அதாவது கிரீனில் பந்தை உருட்டும் கிளப்பில், செய்து பார்த்தார், பிறகு தன் பிங் நிறுவனத்தின் அயர்ன்களுக்குக் கொண்டுபோனார். 1980-களில் வந்த பிங் ஐ2-வைப் பார்த்தால் இன்றைய கேவிட்டி பேக்குகளின் தாத்தா என்று உடனே தெரிந்துவிடும்.

ஃபோர்ஜிங்கா, உலோகத்தை உருக்கி வார்க்கும் காஸ்டிங்கா என்ற வாக்குவாதத்தையும் வழியில் சோதித்தேன். ஃபோர்ஜ் செய்தது 'மெத்தென்று' இருக்கும் என்பார்கள். காதில் ஒலி அடைப்பான் மாட்டிக்கொண்டு, நண்பர் ஒருவரை மாற்றி மாற்றிக் கிளப்பை நீட்டச் சொல்லி அடித்தேன். நடுவில் பட்ட அடிகளில் எது எது என்று என்னால் பிரிக்க முடியவில்லை. நாம் கையில் உணர்வதாக நினைப்பதில் பெரும்பங்கு காதில் விழுவதுதான் என்று அன்றிலிருந்து நம்புகிறேன். ஃபோர்ஜ் செய்ததையே நான் எடுத்ததற்குக் காரணம் வேறு. மிருதுவான கார்பன் ஸ்டீலை வளைக்கலாம்.

அதற்கு முன் ஷாஃப்ட். இதில்தான் அதிக நாள் போயிற்று. தலையைப் பற்றி மணிக்கணக்கில் பேசும் ஆட்டக்காரர்கள்கூட ஷாஃப்டை 'ரெகுலர், ஸ்டிஃப்' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள். ஆனால் அந்த எழுத்துகளுக்குப் பொதுவான தரம் எதுவும் இல்லை. ஒரு நிறுவனத்தின் ஸ்டிஃப் இன்னொன்றின் ரெகுலரைவிட இளக்கமாக இருக்கலாம். எடைதான் ஏமாற்றாத எண். டைனமிக் கோல்ட் எஸ்300 சுமார் 130 கிராம். நிப்பான் நிறுவனத்தின் என்.எஸ். ப்ரோ 950 வரிசை 100 கிராமுக்குக் கீழே. முப்பது கிராம்தானே என்று தோன்றும். ஒரே தலையில் இரண்டையும் மாட்டி அடித்தபோது தெரிந்தது.

கனமான ஷாஃப்டில் ஆரம்பத்தில் அடித்தவை அருமை. பந்து தாழ்ந்து, நேராக, கட்டுக்குள் போனது. ஒரு கூடை தீர்வதற்குள் தலை பின்தங்கத் தொடங்கியது, பந்துகள் வலப்பக்கம் கசிந்தன. பதினெட்டு குழி நடக்க வேண்டிய விளையாட்டில் கடைசி நான்கு குழிக்கும் அந்தக் கிளப் கையில் இருக்க வேண்டுமே. இலேசான ஷாஃப்டில் நேர்மாறு. ஸ்விங் வேகமாகிவிட்டது, மேலிருந்து கீழே வரும்போது அவசரம், சில பந்துகள் இடப்பக்கம் வளைந்தன. நடுவில் 105 கிராம் பக்கம் ஒன்றைப் பிடித்ததும் இரண்டும் அடங்கின. கிராஃபைட்டும் அடித்துப் பார்த்தேன். முழங்கை வலி உள்ளவர்களுக்கு அதிர்வு குறைவது பெரிய விஷயம். எனக்கு அந்த வலி இல்லை, அதனால் ஸ்டீலோடு நின்றுகொண்டேன். 'ஸ்டீல் அடித்தால்தான் ஆட்டக்காரர்' என்ற பழைய வீம்பில் மட்டும் எனக்கு உடன்பாடில்லை.

ஷாஃப்ட் முடிவான பிறகும் பந்துகள் குறியிலிருந்து கொஞ்சம் வலப்பக்கமே விழுந்தன. நான் வலக்கை ஆட்டக்காரன். ஸ்விங்கைத் தொடாமல் முதலில் லை கோணத்தை, அதாவது ஷாஃப்ட் தரையோடு செய்யும் கோணத்தை, பார்த்தேன். இதற்கு இயந்திரம் எதுவும் வேண்டாம். பந்தின் பின்பக்கத்தில் மார்க்கரால் கெட்டியாக ஒரு செங்குத்துக் கோடு போட்டு, அந்தக் கோடு ஃபேஸைப் பார்க்கும்படி வைத்து அடிக்க வேண்டும். கோடு ஃபேஸில் அச்சாகப் பதியும். க்ரூவ்களுக்கு நேர் செங்குத்தாகப் பதிந்தால் லை சரி. மேல்முனை டோ பக்கம் சாய்ந்தால் கிளப் அதிக நிமிர்வு, ஹீல் பக்கம், அதாவது ஷாஃப்ட் சேரும் பக்கம், சாய்ந்தால் அதிகப் படுக்கை. எனக்கு ஒவ்வொன்றும் ஹீல் பக்கமே சாய்ந்தது. அடிக்கும் நேரத்தில் டோ தரையை நோக்கி இறங்கியிருக்கிறது, ஃபேஸ் வலப்பக்கம் பார்த்திருக்கிறது. லாஃப்ட் கூடக் கூட இந்த விலகலும் கூடும். லாஃப்ட் அதிகமுள்ள குறுந்தூரக் கிளப்பான வெட்ஜில் நான் அடிக்கடி கிரீனின் வலது மணல் பங்கரில் போய்ச் சேர்வதற்குக் காரணம் தேட வேண்டியிருக்கவில்லை.

வளைப்பு மேசையில் இரண்டு டிகிரி நிமிர்த்தினோம். காஸ்ட் செய்த கெட்டியான ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் இதற்கு இவ்வளவு இடம் கொடுக்காது, முரட்டுத்தனமாக இழுத்தால் ஷாஃப்ட் நுழையும் கழுத்தான ஹோஸலே முறியும். நிமிர்த்திய பிறகு அடித்த கோடுகள் நேராக நின்றன. பந்துக்கூட்டம் அப்படியே எட்டு யார்டு போல இடப்பக்கம் நகர்ந்து கொடியைச் சுற்றி வந்தது. தலையை மாற்றி நான் பெற்றதைவிட இந்தச் சில நிமிட வேலையில் பெற்றது அதிகம். பழைய செட்டுக்கும் இதைச் செய்திருந்தால் போதுமோ என்றுகூட ஒரு கணம் தோன்றியது. க்ரூவ் தேய்ந்திருந்ததால் அந்த எண்ணத்தை வளரவிடவில்லை.

பிறகு பாயிலிருந்து புல்லுக்கு. செயற்கைப் பாயில் பந்துக்கு ஓர் அங்குலம் முன்னால் தரையில் பட்டாலும் சோல் வழுக்கிக்கொண்டு போய் நல்ல அடி மாதிரியே காட்டும். நிஜப் புல்லில் அதே அடி மண்ணில் புதைந்து பாதித் தூரம்கூடப் போகாது. பெரிய தலையின் அகல சோல் மிருதுவான தரையில் கேவிட்டி பேக்கைவிட நன்றாகவே தப்பித்தது. அந்தப் பாராட்டை அதற்குக் கொடுத்தாக வேண்டும். கெட்டியான, புல் குறைந்த தரையில் கேவிட்டி பேக் மேல். நீளப் புல் வளர்ந்த ரஃபில் க்ரூவ் புதிது என்றாலும் புல் நடுவில் மாட்டினால் சுழற்சி குறையத்தான் செய்கிறது. க்ரூவ் விளிம்பின் கூர்மைக்கு 2010-இலிருந்து விதிப்படி எல்லை உண்டு, அதற்கு மேல் எதிர்பார்க்க முடியாது.

செட் இப்போது ஐந்தாம் நம்பரிலிருந்து பிட்சிங் வெட்ஜ் வரை. பிட்சிங் வெட்ஜ் 45 டிகிரி. அதற்குக் கீழே 50, 56 என இரண்டு வெட்ஜ். பெரிய தலை செட்டை எடுத்திருந்தால் பிட்சிங் வெட்ஜ் 43 ஆகி, 56 வரையுள்ள இடைவெளியை நிரப்ப இன்னொரு கிளப்பைச் சேர்க்க யோசித்திருப்பேன். பையில் 14-க்கு மேல் வைக்க விதி இடம் தராது. நான்காம் நம்பரை எடுக்கவே இல்லை. அந்த லாஃப்டில் பந்தை மேலே ஏற்றும் வேகம் என்னிடம் இல்லை, அயர்னைவிடச் சுலபமாகப் பந்தை ஏற்றும் கிளப்பான ஹைப்ரிட், 22 டிகிரியில், அந்த வேலையைச் செய்கிறது.

கோர்ஸில் ஆடிப் பார்த்ததில் ஏழும் எட்டும் ஒன்பதும் நினைத்தபடியே விழுகின்றன. கிரீனில் பந்து விழுந்த தடம் பழுதுபார்க்கும் ஃபோர்க்குக்கு முன்பைவிட வேலை அதிகம். கொஞ்சம் தடித்த கிரிப் மாற்றினேன். எடை கைப்பிடிப் பக்கம் கூடியதால் ஸ்விங் வெயிட், அதாவது வீசும்போது தலை எவ்வளவு கனமாகத் தெரிகிறது என்ற அளவு, டி2-விலிருந்து டி0 பக்கம் இறங்கிவிட்டது. ஃபேஸின் அடியில் ஈய டேப் ஒட்டி அடித்துப் பார்த்தேன், எனக்கு வித்தியாசம் தெரியவில்லை, உரித்துவிட்டேன்.

ஐந்தாம் நம்பர் மட்டும் இன்னும் சரிப்படவில்லை. ஆறுக்கும் அதற்கும் ஆறு யார்டுதான் இடைவெளி, பந்து தாழ்ந்தே பறக்கிறது, கிரீனில் நிற்பதில்லை. வழிகள் இரண்டு. அதை ஒரு டிகிரி லாஃப்ட் கூட்டி வளைப்பது, இல்லையென்றால் அதையும் எடுத்துவிட்டு 25 டிகிரி ஹைப்ரிட் வைப்பது. வளைத்தால் உயரம் கொஞ்சம் வரலாம், ஆனால் ஆறோடு இன்னும் நெருங்கிவிடும். அதனால் ஹைப்ரிட்டைத்தான் முதலில் அடித்துப் பார்க்கப் போகிறேன். அதே பந்து, அதே பவுடர், மாற்றி மாற்றி. இந்தத் தடவை பாயில் அல்ல, புல்லில்.