அசாமியும் தகலாகும்: ஆகஸ்ட் குறிப்புகள்

ஆகஸ்ட் 3, ஞாயிறு

பிலிப்பைன்ஸில் ஆகஸ்ட் முழுவதும் தேசிய மொழி மாதம். தேசிய மொழிக்கு வித்திட்ட அதிபர் மனுவேல் கேசோனின் பிறந்தநாள் 19ஆம் தேதி வருவதால் இந்த மாதத்தைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். எங்கள் மருத்துவமனை ஆய்வகத்தில் பிலிப்பினோக்கள்தான் அதிகம். அறைக்குத் திரும்பினால் கூட இருப்பவர் அசாமின் பர்பேட்டாக்காரர். பகலில் அவர்கள் பேசும் தகலாகு, இரவில் அசாமி என்று அபுதாபியில் என் காது பழகிவிட்டது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை.

இரண்டுக்கும் உறவு உண்டா என்று கேட்பவர்கள் முதலில் நீட்டுவது சொற்பட்டியலைத்தான். முகத்துக்கு அசாமியில் முக், தகலாகில் முகா. ஆசிரியர் இங்கே குரு, அங்கே குரோ. நம்பிக்கை என்ற பொருளில் தகலாகில் ஆசா. அசாமியிலும் எழுத்தில் அதே ஆசா. இவை எல்லாம் சமஸ்கிருதம் போன வழியில் போனவை. அசாமி, வங்கத்துக்கும் ஒடியாவுக்கும் உடன்பிறந்த இந்தோ-ஆரிய மொழி. அதற்குள் இவை பரம்பரைச் சொத்து. தகலாகு மலாய், மலகாசி, ஹவாய் மொழிகளின் ஆஸ்திரோனேசியக் குடும்பம். அங்கே இவை கடல் வணிகத்தில் வந்த சரக்கு. மணிலாவுக்கு அருகே லகுனாவில் கிடைத்த செப்பேடு சக ஆண்டு 822, அதாவது கி.பி. 900, என்று தேதியிட்டிருக்கிறது. பொன் கடன் ஒன்று தீர்ந்ததைச் சொல்லும் பத்திரம் அது. பழைய மலாயில் எழுதியிருந்தாலும் உள்ளே சமஸ்கிருதச் சொற்கள் ஏராளம்.

ஆக, சொல் ஒற்றுமையை வைத்து உறவு கொண்டாட முடியாது. எனக்கு வேண்டியதும் அது இல்லை. பேசுகிறவர் எதைச் சொல்லாமல் வாக்கியத்தை முடிக்க முடியாது என்று இந்த மொழிகள் பிடிவாதம் பிடிக்கின்றன? அதைத்தான் தேடப் போகிறேன்.

ஆகஸ்ட் 6, புதன்

பர்பேட்டா நண்பர் தன் அப்பாவோடு போனில் பேசி முடித்ததும் உட்கார வைத்துக் கேட்டேன். என் அப்பா என்றால் "மோர் தேவுதா". உன் அப்பா என்றால் "தோமார் தேவுதாரா". அவன் அப்பா என்றால் "தார் தேவுதாக்". என், உன், அவன் என்று முன்னால் சொல்லியாகிவிட்டது. ஆனாலும் அப்பா என்ற சொல்லும் யாருடைய அப்பா என்பதைத் தன் வாலில் காட்டியாக வேண்டும். தம்பிக்கும் அதே கணக்கு: பாய், பாயேரா, பாயேக். உறவுச்சொல் எதுவானாலும் இப்படித்தான்.

எனக்கு உடம்பு சிலிர்த்தது. சங்கத் தமிழில் எந்தை, நுந்தை, தந்தை என்று மூன்று இருந்ததே! என் அப்பா, உன் அப்பா, அவர் அப்பா. தாய்க்கும் யாய், ஞாய், தாய். நாம் கைவிட்டு வெகுகாலம் ஆகிவிட்டது; தந்தையும் தாயும் மட்டும் தங்கி, இன்று எல்லோருக்கும் பொதுவாகிவிட்டன. நம் ஏட்டில் இருப்பதை பிரம்மபுத்திராப் பள்ளத்தாக்கில் சிறு பிள்ளைகள் தெருவில் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

தகலாகில் இந்த ஏற்பாடு கிடையாது. அக்காவுக்கு ஆத்தே, அண்ணனுக்கு கூயா. இரண்டும் ஹொக்கியன் சீனர்களிடம் வாங்கியவை. ஆனால் "நாங்கள்" என்று வந்துவிட்டால் தகலாகு கறார். கேட்பவரையும் சேர்த்தால் தாயோ, விட்டுவிட்டால் காமி. நம் நாமும் நாங்களும் அப்படியே! அசாமியில் இரண்டுக்கும் ஒரே "ஆமி"தான். "ஆமி சாப்பிடப் போகிறோம்" என்று நண்பர் சொன்னால் எனக்கும் சேர்த்தா என்று சூழலை வைத்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

இன்று மீன் வாங்கிய வாக்கியத்தோடு முழு மதியமும் போயிற்று. ஆய்வகத்தில் நான் ஆத்தே என்று கூப்பிடும், மணிலாவுக்குத் தெற்கே உள்ள பத்தாங்காஸ்காரர் பொறுமையாகச் சொல்லித் தந்தார்.

"பூமிலி ஆங் நானாய் நாங் இஸ்தா": அம்மா மீன் வாங்கினாள். பேச்சு அம்மாவைப் பற்றியது. மீன் ஏதோ ஒரு மீன். "பினிலி நாங் நானாய் ஆங் இஸ்தா": அந்த மீனை அம்மா வாங்கிவிட்டாள். ஆங் என்ற குறி மீனிடம் போய்விட்டது, வினைக்குள் உம் போய் இன் வந்துவிட்டது. கடைக்காரியைப் பற்றிப் பேச்சு என்றால் வினை "பினில்ஹான்": அவளிடம் வாங்கினாள். கடைக்குட்டிக்காக வாங்கினாள் என்றால் "இபினிலி". அதே அம்மா, அதே மீன். பேச்சின் நடுவே யாரை நிறுத்துகிறோமோ, அவருக்கேற்ப வினையே உருமாறுகிறது. இதைச் செய்வினை, செயப்பாட்டுவினை என்று அடைப்பது சரியில்லை என்றே நினைக்கிறேன். நமக்குச் செயப்பாட்டுவினை எப்போதாவது எட்டிப்பார்ப்பது. இங்கே வாய் திறக்கும்போதே தேர்ந்தாக வேண்டும்.

இரவு அதே மீனை அசாமியில் கேட்டேன். "மாயே மாஸ் கினிலே." அம்மா மீன் வாங்கினாள். "மா ஆஹில்." அம்மா வந்தாள். வாங்கும்போது மா, மாயே ஆகிறாள். வந்தபோது வெறும் மா. வினையும் கூடவே கினிலே, ஆஹில் என்று பிரிகிறது. ஒரு பொருள்மேல் செயல் நடத்துகிறவருக்கு ஏகாரம் ஒட்டுவது இந்த மொழியின் வழக்கம். வழி வேறு வேறானாலும், செய்பவர் யார் என்பதை இரண்டுமே எழுவாய்க்கு மட்டும் விட்டுவிடுவதில்லை.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

இன்று ஒலி மட்டும். அசாமியில் ஸகர எழுத்துகள் மூன்றும் அண்ணத்தின் பின்பக்கம் உரசி வரும் ஹகரமாக ஒலிக்கின்றன. அதனால் அசாம் என்பதே அவர்கள் வாயில் "ஒஹொம்". சகர எழுத்துதான் ஸ ஆகிறது. தேயிலை நாட்டில் சாயாவுக்குப் பெயர் "ஸாஹ்". தகலாகின் அழகு ஙகரத்தில். நாம் சொல்லின் தொடக்கத்தில் வைக்கத் தயங்கும் எழுத்து அது. அவர்களுக்குப் பல் ஙிபின், புன்னகை ஙிதி. இரண்டு மொழிக்காரர்களுக்கும் பத்தும் பட்டும் ஒன்றாகத்தான் கேட்கிறது. தகரமும் டகரமும் அசாமி எழுத்தில் தனித்தனியாக இருந்தாலும் நாக்கில் ஒன்றாகிவிட்டன. தகலாகில் அந்தப் பிரிவினை முதலிலிருந்தே இல்லை.

ஆகஸ்ட் 16, சனி

இந்த மாதம் கண்டதில் எனக்கு மிகப் பிடித்தது இதுதான். அசாமியில் மறுப்பு வினைக்கு முன்னால் வரும், வினையின் உயிரைத் தானும் வாங்கிக்கொள்ளும். கொரோ (செய்கிறேன்), நொகொரோ. தியோ (தருகிறேன்), நிதியோ. ஹுனோ (கேட்கிறேன்), நுஹுனோ. தகலாகில் எதிர்காலம் வேண்டுமென்றால் வேர்ச்சொல்லின் முதல் அசையை இரட்டிக்க வேண்டும். பிலி, பிபிலி. சுலாட், சுசுலாட். காயின், காகாயின். ஒன்று மறுக்கிறது, மற்றது வரப்போவதைச் சொல்கிறது. இரண்டிலும் வேரின் முதல் உயிர்தான் முன்னால் வருவதைத் தீர்மானிக்கிறது.

பத்தாங்காஸ் ஆத்தே ஒன்று சேர்த்தார். மணிலாவில் "சாப்பிட்டுக்கொண்டிருக்கிறாயா" என்பது "குமாகாயின் கா பா". அவர் ஊரில் "நாகாயின் கா கா". மணிலாக்காரர் காதில் நாகாயின் என்பது தெரியாமல் தின்னப்பட்டுவிட்டதைக் குறிக்கும். பர்பேட்டாவிலும் இதே கதை. கிழக்கு அசாமின் சிவசாகர் பக்கத்துப் பேச்சே எழுத்துமொழியானது. மேற்கே அழுத்தம் முதல் அசையில் விழுந்து நடு உயிர்கள் தேய்ந்துபோவதைப் படித்தவர்கள் கொச்சை என்கிறார்கள். நண்பருக்கு அதில் இன்னும் வருத்தம். எனக்கும்தான்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

கேசோன் பிறந்தநாள். 1937 டிசம்பர் 30 அன்று தகலாகை அடிப்படையாக வைத்துத் தேசிய மொழி உருவாகும் என்று அவர் அறிவித்தார். 1987 அரசியல் சட்டத்தில் அதன் பெயர் பிலிப்பினோ. பிலிப்பைன்ஸின் இன்னொரு பெரிய மொழியான செபுவானோ பேசுகிறவர்கள் பலருக்கு அது மணிலாவின் மொழியாகவே படுகிறது.

அசாமியின் கதை இன்னும் கசப்பு. 1836இல் பிரிட்டிஷார் அசாமின் நீதிமன்றங்களிலும் பள்ளிகளிலும் வங்க மொழியைக் கொண்டுவந்தார்கள். அமெரிக்க பாப்டிஸ்ட் மிஷனரிகள் 1846இல் சிவசாகரிலிருந்து ஒருனோதோய் இதழை அச்சிட்டார்கள். ஆனந்தராம் தேகியால் புக்கன் தாய்மொழிக்காக வாதாடி எழுதினார். 1873இல்தான் அசாமி மீண்டது. அப்படித் தவித்த மொழியின் மாநிலத்தில், 1960இல் அசாமியை ஆட்சிமொழியாக்கிய சட்டத்தை எதிர்த்து, 1961 மே 19 அன்று சில்சாரில் வங்க மொழிக்காகக் கூடியவர்கள்மேல் போலீஸ் சுட்டு 11 பேர் இறந்தார்கள். பட்ட காயம் தெரிந்த மொழி இன்னொரு மொழியின் காயத்தைப் பார்த்திருக்க வேண்டும் என்றேன். நண்பர் மறுக்கவில்லை.

2024 அக்டோபரில் அசாமிக்குச் செம்மொழித் தகுதி கிடைத்தது. அதே மாதம் பிலிப்பைன்ஸில், ஆரம்ப வகுப்புகளில் வட்டாரத் தாய்மொழியே பயிற்றுமொழி என்ற ஏற்பாட்டை நீக்கிப் பிலிப்பினோவுக்கும் ஆங்கிலத்துக்கும் திரும்பும் மசோதா சட்டமாயிற்று. செபுவிலிருந்து வந்த சக ஊழியரின் மகன் அடுத்த ஆண்டு பள்ளி சேர்கிறான். வீட்டில் அவனோடு செபுவானோவில்தான் பேசுவேன், படிக்கவும் நானே சொல்லித் தருவேன் என்று இன்று உணவு இடைவேளையில் உறுதியாகச் சொன்னார்.